மேடையில் சொல்லும் பெயர்

அன்புள்ள அப்பாவுக்கு,

ஃபோனில் இதைச் சொல்ல எனக்கு நா எழாது. அதனால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை நம் ஊர்த் திருவிழாவில் நீங்கள் வந்து சால்சா ஆட்டப் பாட்டுகள் பாடப்போவதாக ரேடியோவில் சொன்னார்கள். நான் வேலை பார்க்கும் சலூனில் ஒரே கூச்சல். "உங்கம்மாவும் அவனும் பிரிஞ்சு ஆறு வருஷமாச்சு, இன்னும் ஒவ்வொரு மேடையிலயும் 'என் நெரெய்தாவுக்காக'ன்னு சொல்லிட்டுத்தான் பாடறான். உங்கம்மா கொடுத்து வச்சவடி!" என்றாள் முதலாளியம்மா. நான் அவள் தலையை அலசினேன்.

அம்மா வரவில்லை என்கிறாள். "பேரைச் சொன்னதும் ஊரே என்னைத் திரும்பிப் பார்க்கும். பக்கத்துல நிக்கிற எஃப்ராயின் மூஞ்சியை எங்க வச்சுப்பாரு?"

எஃப்ராயின் இப்போது அம்மாவோடு பழகுகிறவர்; பேக்கரி வைத்திருக்கிறார். நல்லவர். அவரோடு ஆட அம்மாவுக்கு ஆசை. அதுவும் உங்கள் பாட்டுக்குத்தான் ஆட வேண்டுமாம். அப்படி ஒரு குரல் வேறு யாருக்கும் இல்லை என்று இன்னும் சொல்கிறாள்.

இந்த ஒரு முறை அவள் பெயரைச் சொல்லாதீர்கள் அப்பா. யார் பெயரையாவது சொன்னால்தான் பாட்டு வரும் என்றால், என் பெயரைச் சொல்லுங்கள். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். பரவாயில்லை. மேடைக்கு நேர் எதிரே நிற்கிறேன். அம்மாவும் எஃப்ராயினும் பின்னால் ஆடட்டும்.

உங்களுக்காகக் காத்திருக்கும்
உங்கள் மகள்