அவ்வளவுதானா, அக்கா?

ஜூலை 19, சனி

ஆடி பிறந்து ரெண்டு நாள்தான் ஆகிறது, அதற்குள் காற்று இந்தப் போடு போடுகிறது. நான் வேலை பார்க்கிற டைப்பிங் கடையில் மனு அடித்து வைத்தால் பேப்பர் நிற்கவில்லை. கூட வேலை பார்க்கிற சரண்யா ஒரு கையால் அடிக்கிறாள், ஒரு கையால் அமுக்குகிறாள்.

நாளைக்கு லீவு. கூழ் வத்தல் போட வேண்டும். மகள் கார்த்திகா ஹாஸ்டலில் இருந்து போன் போட்டாலே வத்தல் பேச்சுதான். “ஆடிக்காத்துல யாராச்சும் வத்தல் போடுவாங்களா?” என்று இவர் சிரிக்கிறார். பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவருக்கு வத்தலைப் பற்றி என்ன தெரியும்.

ஜூலை 20, ஞாயிறு

என்ன காரியம் செய்துவிட்டேன் இன்றைக்கு.

மாடியில் வேட்டியை விரித்து வத்தல் பிழிந்தேன். பறக்காமல் இருக்க மூன்று மூலைக்கும் ஒவ்வொரு செங்கல். நாலாவது மூலைக்குச் செங்கல் இல்லை. கீழே வந்து அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். மாடிக்குக் கைப்பிடிச் சுவர் இன்னும் கட்டவில்லை. உருளுகிற கல்லை விளிம்பு ஓரமாகப் புத்தியுள்ளவள் எவளாவது வைப்பாளா? நான் வைத்தேன்.

குழம்பு தாளித்துக்கொண்டிருந்தேன். ஒரு காற்று. டமார் என்று ஒரு சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தால், பக்கத்து வீட்டுக் காரின் பானெட்டில் ஒரு குழி, முன்கண்ணாடியில் ஒரு பெரிய ஓட்டை. குழவி உள்ளே டிரைவர் சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

முத்துராஜ் தம்பி அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே போயிருக்கிறார். முருகா, உனக்குக் கோடி நன்றி. வேறு என்ன சொல்ல.

அவர் பெண்டாட்டி தேவி ஓடி வந்தாள். திட்டட்டும் என்று தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். காரைப் பார்த்தாள், குழவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “குழவி வந்துருச்சு. அம்மி எப்பக்கா வருது?” என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

முத்துராஜும் ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. “விடுங்கக்கா, இன்சூரன்ஸ் இருக்கு, அவன் பாத்துக்குவான். நீங்க போயி அடுப்ப அமத்துங்க, தீயிற வாடை அடிக்கிது.”

செகண்ட் ஹேண்ட் கார்தான். முத்துராஜ் தன் உரக்கடைச் சம்பளத்தில் பார்த்துப் பார்த்து வாங்கியது. போன வருஷம் கார்த்திகாவுக்குக் குடல்வால் வெடிக்க இருந்த அன்று இவர் டூட்டியில். நான் பித்துப் பிடித்த மாதிரி வாசலில் நின்றேன். தேவி பிள்ளையை மடியில் போட்டுக்கொள்ள, முத்துராஜ் ஹாரனில் இருந்து கையை எடுக்காமல் ஆஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் என்று டாக்டர் சொல்லி முடிக்காமல் விட்டார். என் பிள்ளை உயிரோடு இருப்பது அந்தக் காரால். அதன் மேல்தான் கல்லைப் போட்டிருக்கிறேன்.

ஜூலை 21, திங்கள்

குழவியைக் கழுவி அம்மியில் வைத்தேன். கண்ணாடித் தூள் இருக்குமோ என்று பயம். மிக்சியில்தான் அரைத்தேன்.

ஜூலை 25, வெள்ளி

கார் புதுக் கண்ணாடியோடு வந்து நிற்கிறது. குழி எடுத்த இடமே தெரியவில்லை. இன்சூரன்ஸ்காரன் இவ்வளவு சுருக்காகப் பணம் கொடுத்தானா என்று காலையிலேயே ஒரு நினைப்பு.

கடையில் ஒருவருக்கு பைக் இன்சூரன்ஸ் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது சுருக்கென்றது. முத்துராஜ் காருக்கு இந்த வருஷம் போட்டுக் கொடுத்ததே நான்தானே. தேர்ட் பார்ட்டி மட்டும். அவர் கார் அடுத்தவரை இடித்தால் அடுத்தவருக்குப் பணம் வரும், அவர் காருக்கு நயாபைசா வராது. “முழுசா போட்டா கட்டுப்படியாகாதுக்கா” என்று என் எதிரில் உட்கார்ந்து சொன்ன மனுஷன். எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார்.

சாயந்திரம் திருச்சி ரோட்டில் அவர் காரை வேலைக்கு விட்ட கண்ணாடிக் கடையைத் தேடிப் போய்க் கேட்டேன். “அவரு கையோட குடுத்துட்டாரேம்மா” என்றார்கள். கண்ணாடி, டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் சேர்த்துப் பதினோராயிரத்து முந்நூற்று நாற்பது.

இவரிடம் சொன்னேன். யோசிக்கவே இல்லை. “குடுத்துரு. கொறையவும் கூடாது, கூடவும் கூடாது. கரெக்டா இருக்கணும்.” இவர் இருபது வருஷக் கண்டக்டர். ‘சில்லறை இறங்கும்போது வாங்கிக்கங்க’ என்று டிக்கெட்டின் பின்னால் எழுதிக் கொடுத்ததே இல்லையாம், அதில் ஒரு பெருமை. வீட்டிலும் அதே சட்டம்தான். எனக்கும் அது ஊறிப்போய்விட்டது.

ஜூலை 27, ஞாயிறு

ஏலச் சீட்டைத் தள்ளி எடுத்தேன். நஷ்டம்தான், போகட்டும். நோட்டையெல்லாம் கவரில் போட்டு, நாற்பதுக்கு நாலு பத்து ரூபாய் தேடி வைத்துக்கொண்டு போனேன்.

தேவி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். “என்னக்கா இது, வேணாம்.” நான் விடவில்லை. “இன்சூரன்ஸ் கதையெல்லாம் எனக்குத் தெரியும் தேவி. கடையில கேட்டுட்டுத்தான் வாரேன். அவங்க வாங்குனது எவ்வளவோ அவ்வளவும் இருக்கு, ஒத்த ரூவா கூடுதலும் இல்ல, கொறைச்சலும் இல்ல. எண்ணிப் பாத்துக்க. இனிமே நமக்குள்ள ஒரு பாக்கியும் இல்ல.”

நல்ல காரியம் செய்கிற நிறைவில்தான் சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். அவள் முகம் தொங்கிவிட்டது. கவரைப் பிரிக்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, “அவ்வளவுதானா, அக்கா?” என்றாள்.

கவரை அவளிடம் விட்டுவிட்டு விறுவிறுவென்று வந்துவிட்டேன்.

ஜூலை 28, திங்கள்

அவ்வளவுதானாவாம். வேற எவ்வளவு வேணுமாம் இவளுக்கு? கார் இல்லாம ஆட்டோவுல போனாங்களே, அந்தக் காசும் வேணுமா? அதுக்கு வட்டியும் போடணுமா? கேட்டா குடுத்துட்டுப் போறேன், மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஒரு கேள்வி. நான் சீட்டத் தள்ளி எடுத்தது அவளுக்குத் தெரியுமா?

சரி. காசு என்று வந்தால் எல்லாரும் ஒன்றுதான். நான்தான் தேவி, தேவி என்று உருகிக்கொண்டிருந்திருக்கிறேன்.

(பேர் அன்புச்செல்வி. வாய்க்கும் பேருக்கும் சம்பந்தமே இல்லை என்று இவர் சொல்வார். இன்றைக்குச் சொல்லிப் பார்க்கட்டும்.)

ஜூலை 30, புதன்

இங்கே வீடு கட்டி வந்தபோது ரெண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே காம்பவுண்டுச் சுவராக, பாதிப் பாதிச் செலவில் கட்டினோம். நடுவில் ஒரு ஆள் நுழைகிற அளவு இடம் விடச் சொன்னது தேவி. “சுத்திக்கிட்டு யாருக்கா வாரது?” என்றாள். அந்த வழியாகத்தான் தயிருக்கு உறை போவதும், சாவி போவதும், கிண்ணத்தில் குழம்பு வருவதும்.

இன்றைக்கு அதன் குறுக்கே கொடி கட்டித் துணி காயப் போட்டிருக்கிறாள். கொடி கட்ட வேறு இடமே இல்லையா?

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. எப்போதும் நான் புளிசாதம், அவள் தேங்காய் சாதம், ரெண்டையும் சேர்த்து வைத்து ரெண்டு குடும்பமும் சாப்பிடுவோம். இன்றைக்கு நான் கிண்டிய புளிசாதம் அப்படியே கிடக்கிறது. “அங்கிட்டுக் கொஞ்சம் குடுத்துட்டு வா” என்றார் இவர். “நீங்க வேணா போங்க” என்றேன். அவரும் போகவில்லை.

தேவியின் குரல் கேட்கிறது. ஆனால் என்னிடம் இல்லை. இந்த நகரில் எனக்கென்று யார் இருக்கிறார்கள் அவளை விட்டால்? கோபம் எல்லாம் எங்கேயோ போய்விட்டது, நெஞ்சில் பாரம்தான் மிச்சம்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

கடையில் மொய் விருந்துப் பத்திரிகை வேலை குவிந்து கிடக்கிறது. ஆடி, ஆவணி வந்தால் வடகாடு, கீரமங்கலம் பக்கம் முழுக்க இதுதான். கறிச்சோறு போட்டு மொய் வாங்குவார்கள், அதை வைத்துக் கடனை அடைப்பார்கள், தொழில் செய்வார்கள், பிறகு ஒவ்வொருவர் விருந்திலும் திருப்பி வைப்பார்கள். சரண்யாவுக்கு அந்தப் பக்கம்தான். தேவிக்கும் அங்கேதான்.

அடித்துக்கொண்டே தேவியைப் பற்றிப் புலம்பினேன். சரண்யா கீபோர்டில் இருந்து கையை எடுத்துவிட்டாள்.

“சரியா அவ்வளவேவா குடுத்தீங்க? மேல ஒண்ணும் வைக்கலயா?”

“எதுக்கு வைக்கணும்?”

“எங்க பக்கம் வாங்குன மொய்ய மட்டும் திருப்பி வைக்க மாட்டாங்கக்கா. மேல கொஞ்சம் சேத்து வைப்பாங்க. புது நடைன்னு பேரு. அது இருந்தாத்தான் ஒறவு இன்னும் நடக்குதுன்னு அர்த்தம். பழசை மட்டும் சரியா வச்சுட்டுப் போனா, ஒனக்கும் எனக்கும் முடிஞ்சதுன்னு சொல்றது. அதுக்கப்பறம் பத்திரிகை வைக்க மாட்டாங்க.”

“இது மொய் இல்லையே சரண்யா, கண்ணாடிக்குக் குடுத்த காசு.”

“எங்களுக்கு எல்லாக் காசும் அப்படித்தான். அதுலயும் நீங்க ஒரு பாக்கியும் இல்லேன்னு வேற சொல்லிருக்கீங்க.”

அவ்வளவுதானா, அக்கா.

காசைக் கேட்கவில்லை அவள். நாம் அவ்வளவுதானா என்று கேட்டிருக்கிறாள். முகத்துக்கு நேரே கேட்டிருக்கிறாள், நான் பதில்கூடச் சொல்லாமல் திரும்பி வந்திருக்கிறேன். எங்கள் குன்றாண்டார்கோவில் பக்கம் வாங்கியதைச் சரியாகத் திருப்பிக் கொடுத்தால் யோக்கியன் என்பார்கள். ஒரே மாவட்டம்தான். எனக்குத் தெரியாமல் போயிற்றே.

அதற்கப்புறம் அடித்த பத்திரிகையில் தேதியைத் தப்பாக அடித்தேன். சரண்யாதான் திருத்தினாள்.

ஆகஸ்ட் 6, புதன்

காலையில் இவரிடம் விஷயத்தைச் சொன்னேன். நூறு ரூபாய் எடுத்துக்கொண்டு போகப் போகிறேன் என்றேன். கேட்டுக்கொண்டே சட்டைப் பித்தானைப் போட்டவர், டிக்கெட் பையில் கையை விட்டு ஒரு ஒற்றை ரூபாயை எடுத்து நீட்டினார். “நூறா குடுக்காத. நூத்தி ஒண்ணா குடு.” இவர் கணக்குக்கு மேல் கொடுத்து நான் பார்த்த முதல் காசு அது.

கொடிக்கு அடியில் குனிந்து போனேன். ஈரப் பாவாடை முகத்தில் அறைந்தது, சரியாகத்தான் அறைந்தது. தேவி பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தாள். எழுந்திருக்கவில்லை.

“தேவி, அன்னைக்குக் கொஞ்சம் விட்டுப்போச்சு. இந்தா.”

“என்னது?”

“புது நடை.”

சாம்பல் கையோடு என்னையே பார்த்தாள். “ஒங்களுக்கு யாருக்கா சொன்னா?”

“சரண்யா. எனக்குத் தெரியாது தேவி. சத்தியமாத் தெரியாது. நீ அவ்வளவுதானான்னு கேட்டியா, நான் காசு பத்தலேங்கிறன்னு நெனச்சு ஒன்ன ஒரு வாரமா வஞ்சுக்கிட்டிருக்கேன்.”

அவள் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர். “நாங்க என்ன தப்பு செஞ்சோம்னு தெரியாம தவிச்சுப்போனோம்க்கா. இன்சூரன்ஸ்னு பொய் சொன்னது ஒங்களுக்குக் குத்திருச்சோன்னு அவரு சோறு கூட ஒழுங்காத் திங்கல.”

நான் கல்லைப் போட்டேன், அவர்கள் என்ன தப்பு செய்தோம் என்று யோசித்திருக்கிறார்கள். இப்படி ஜனங்களும் இருக்கிறார்களே.

நூற்றி ஒன்றையும் முந்தானையில் முடிந்துகொண்டாள். “இப்ப நான்தான் ஒங்களுக்குப் பாக்கி, தெரிஞ்சுக்கங்க.”

“இருக்கட்டும். மெதுவாக் குடு.”

நான் கிளம்பும்போது கொடியை அவளே அவிழ்த்துவிட்டாள். துணியெல்லாம் தரையில் விழுந்தது. மறுபடி துவைக்க வேண்டியதுதான் என்றாள்.

கொடுத்து வைத்தவள் என்று சிலரைச் சொல்வார்கள். இன்றைக்கு அது நான்தான்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

தேவியின் அப்பா வீட்டு மொய் விருந்து, கீரமங்கலத்தில். அதே காரில் போய் வந்தோம். என்னை முன்சீட்டில் உட்கார வைத்து, “கண்ணாடி உறுதியா இருக்கான்னு பாத்துக்கங்கக்கா” என்று முத்துராஜ் வழி நெடுகக் கிண்டல். கறிச்சோறு அமிர்தம். மொய் எழுதுகிற இடத்தில் எங்கள் பேரைச் சத்தமாகச் சொன்னபோது இவருக்கு ஒரே வெட்கம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மாடிக்குக் கைப்பிடிச் சுவர் கட்டி முடிந்தது. கல் இறக்க உதவியது யார் என்று எழுத வேண்டுமா?

நவம்பர் 9, ஞாயிறு

நல்ல மழை. தெருவெல்லாம் சேறு. தேவி கார் ஓட்டப் பழகுகிறாள். முத்துராஜ் வெளியே நின்றுகொண்டு “வரலாம், வரலாம்” என்று கையைக் காட்ட, அவள் பின்னால் வந்த வேகத்தில் எங்கள் வாசலில் இருந்த செம்பருத்தித் தொட்டி போயிற்று. சிமெண்டுத் தொட்டி, மூன்று துண்டு. செடிக்கு ஒன்றும் இல்லை. நான் மாடியில் இருந்து பார்த்துவிட்டு, “கார் வந்துருச்சு, லாரி எப்ப வருது தேவி?” என்றேன். தெருவே சிரித்தது.

சாயந்திரம் தேவி சுவர்ச் சந்து வழியாக வந்து என் கையில் காசைத் திணித்தாள். கடைவீதியில் போய் விலை விசாரித்துவிட்டு வந்திருக்கிறாள். தொட்டி நூற்றி எண்பது. கையில் இருந்தது நூற்றி எண்பத்தொன்று.

வேண்டாம் என்று சொல்லத் தோன்றவில்லை. வாங்கிக்கொண்டேன். அவள் திரும்பிப் பார்க்காமல் ஓடிவிட்டாள்.

இவர் பழக்க தோஷத்தில் அந்த ஒற்றை ரூபாயை எடுத்து டிக்கெட் பைக்குள் போடப் போனார். கையைத் தட்டிப் பிடுங்கி சாமி படத்துக்கு முன்னால் வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்கும்போது ரெண்டாகக் கொடுக்க வேண்டும்.