தூண் காயும்வரை

அன்புக்குரிய உங்களுக்கு,

நானும் அத்தையும் சௌக்கியம். நீங்களும் சௌக்கியமாக இருந்து, இதை உட்கார்ந்து நிதானமாகப் படிக்க வேண்டும். போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள். கடிதத்தைக் கிழித்துப் போட்டாலும் பொறுக்கி எடுத்து ஒட்டிப் படிப்பீர்கள், எனக்குத் தெரியாதா!

வியாழக்கிழமை காலை நம் புது வீட்டுத் தூண்களுக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. மேஸ்திரி இன்னும் கைகூடக் கழுவவில்லை, பக்கத்து மனையில் அஸ்திவாரத் தூண்களைப் பூமிக்குள் அடித்து இறக்கும் இயந்திரம் வந்து நின்றது. மதியமே வேலை ஆரம்பமாம். அது உங்கள் அண்ணன் மனை. சொத்துப் பிரித்ததிலிருந்து இரண்டு வீட்டுக்கும் பேச்சே இல்லை. அப்புறம் யார் யாரிடம் நாள் கேட்பது?

இன்ஜினியரம்மா தலையில் கை வைத்துவிட்டார். கான்கிரீட் ஈரமாக இருக்கும்போது அதிர்ந்தால் பரவாயில்லையாம், தானே கம்பியைச் சுற்றி அடைத்துக்கொள்ளுமாம். நன்றாக இறுகிவிட்டாலும் அவ்வளவு பயமில்லையாம். இறுகியும் இறுகாமலும் இருக்கிற நேரத்தில் கம்பி ஆடினால்தான் வினை. சுற்றிலும் மயிரிழை இடைவெளி விழுந்து பிடிப்பு போய்விடும், வெளியே பார்த்தால் தெரியவும் தெரியாது என்றார். நாளைக் காலைக்குள் இயந்திரம் அடித்தால் தூண்களை உடைக்க வேண்டியதுதான் என்றும் சொல்லிவிட்டார்.

அவன் வாசலை மிதிக்காதே என்று சொல்லிவிட்டுத்தானே போனீர்கள்? மிதித்தேன். செருப்புகூட மாட்டாமல் ஓடினேன். உங்கள் அண்ணன் முழுசாகக் கேட்கவே இல்லை. என் தம்பி வீட்டுத் தூண் காயும்வரை எவனாவது இதில் கை வைத்தால் கையை முறிப்பேன் என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினார். அதோடு விட்டாரா? இயந்திரத்துக்கு முன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அத்தைக்குத் தலைகால் புரியவில்லை, பார்க்கிறவர்களிடமெல்லாம் என் பெரியவன், என் பெரியவன் என்று ஒரே பெருமை!

சோதனைக்கென்று அன்று கூடவே வார்த்துவைத்த கான்கிரீட் கட்டையிலிருந்து கம்பியை நேற்று ஜாக்கி வைத்து இழுத்துப் பார்த்தார்கள். இம்மிகூட நகரவில்லை. மேஸ்திரியைவிட உங்கள் அண்ணன்தான் பலமாகக் கைதட்டினார். பிறகு எங்கோ பார்த்துக்கொண்டு, அவனுக்கு அந்த இருமல் விட்டதா என்று கேட்டார். நீங்களே கேளுங்களேன் என்று வாய்வரை வந்தது, அடக்கிக்கொண்டேன்.

அவர் எண்ணைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ஒரே ஒரு முறை கூப்பிடுங்கள், எடுப்பார். எடுத்துவிட்டு அவர் ஒன்றும் பேசாமல் இருந்தால், தயவுசெய்து நீங்கள் வைத்துவிடாதீர்கள்.

சொன்ன பேச்சை மீறிய,
உங்கள் மனைவி