போட்டோவில் தெரியாத ஆட்டம்

அக்கா,

ரோஜாப் பதியன் வைக்க என் மனைவி ஒரு தேங்காய் நார்க்கட்டி வாங்கி வந்து பக்கெட்டில் ஊற வைத்திருந்தாள். காலையில் நான்தான் அதைக் கையால் உதிர்த்தேன். ஈரம் ஏறியதும் வாசனை எழுந்தது. மழை நின்ற தென்னந்தோப்பு வாசனை என்று வேறு யாராவது சொல்லக்கூடும். எனக்கு அது திண்டிவனத்தில் உன் பின்னறையின் வாசனை. பாம்புகள் கிடந்த கண்ணாடிப் பெட்டிகளுக்குள் நீ பரப்பி வைத்திருந்தது இந்த நார்த்தூளைத்தான். ஒரு ரோஜாச் செடியைக்கூட நிம்மதியாக நட விடாமல் செய்துவிட்டுப் போயிருக்கிறாய்.

உன்மேல் எனக்குள்ள சலிப்பு இன்னும் தீரவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

ஊரில் எத்தனையோ பேருக்கு அக்கா இருக்கிறாள். கல்யாணமாகாமல் தனியாக இருக்கிற அக்காக்களும் இருக்கிறார்கள். அவர்கள் பூனை வளர்க்கிறார்கள், கோயிலில் பாடகர் குழுவில் சேர்கிறார்கள். நீயும் பாடகர் குழுவில் இருந்தாய். ஆனால் குழுவில் ஒருத்தரும் உன் வீட்டு வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை. காலடியில் பாம்பை மிதித்து நிற்கிற மாதா படத்துக்கு நேர் கீழே அந்தப் பெட்டிகளை வைத்திருந்தாயே, நியாயமா என்று கேட்டேன். "மாதாவுக்குப் பாம்பு புதுசாடா?" என்று சொல்லிவிட்டு நீ உன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாய்.

இந்தச் சலிப்புக்கு ஆரம்பம் தொண்ணூற்று மூன்று என்று நினைக்கிறேன். அப்போது நீ விழுப்புரத்தில் ஒரு மேட்சிங் சென்டரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாய். புடவையைக் கொண்டுவந்து வைத்தால் போதும், அதற்கான ரவிக்கைத் துணியை அடுக்கிலிருந்து உருவிவிடுவாய். மஞ்சள் என்று நான் ஒரே வார்த்தையில் சொல்வதற்குள் எத்தனை மஞ்சள் இருக்கிறது என்று உன்னிடம்தான் தெரிந்துகொண்டேன். அந்த வருஷம் கண்டமங்கலம் பக்கத்திலிருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை உன் கையைப் பிடித்துத் தன் கையோடு ஒட்டி வைத்துப் பார்த்தாள்.

"பொண்ணு லட்சணமாத்தான் கீது. கலருதான் கொஞ்சம் கம்மி. எங்க பையன் நல்ல செவப்பு. ஜோடியா நின்னா எடுப்பா இருக்கணும் பாருங்க."

அம்மா காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நீ கையை இழுத்துக்கொள்ளவில்லை. "உங்க கைக்கு மெரூன் நல்லா எடுக்கும்ங்க. ஒருநாளு கடைக்கு வாங்க, காட்டுறேன்" என்றாய். அந்த அம்மாளுக்கு அது மரியாதையா குத்தலா என்று கடைசிவரை புரியவில்லை.

அதற்குப் பிறகும் ஆட்கள் வந்தார்கள், அதே வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். "இனிமே யாரையும் இட்டுக்கினு வராதம்மா" என்று ஒருநாள் சொன்னாய். திண்டிவனத்தில் வீடு பார்த்துச் சொந்தமாக ஒரு மேட்சிங் சென்டர் திறந்தாய். நான் விழுப்புரத்திலேயே தங்கிவிட்டேன்.

எவ்வளவோ வருஷம் கழித்து, ஒரு கல்யாண ஆர்டரைக் கொடுக்கப் பாண்டிச்சேரியில் ஒரு வீட்டுக்குப் போனாய். அந்த வீட்டு இளம் டாக்டர், நீ டாக்டர் தம்பி என்று கூப்பிடுகிறவன், பாம்பு வளர்த்தான். அன்றைக்கு நீ துணியை மட்டும் கொடுத்துவிட்டுத் திரும்பியிருக்கக் கூடாதா? அடுத்த மாதமே உன் வீட்டில் ஒரு பெட்டி வந்து உட்கார்ந்தது.

"நம்ம ஊரு பாம்ப வெச்சிருந்தாத்தான்டா கேஸு. இது ஆப்பிரிக்காப் பாம்பு. விஷம் கெடையாது. பேரு பால் பைத்தான்."

அந்தப் பெயர் செய்த வேலை இருக்கிறதே! மேல்மலையனூருக்கு அமாவாசை தவறாமல் போகிற உன் எதிர்வீட்டுப் பெண்மணி, பால் குடிக்கிற பாம்பு என்று நினைத்துக் கிண்ணத்தில் பாலோடு வந்து நின்றாள். "பாலுன்னா பந்துங்க. பயந்தா பந்தாட்டம் சுருண்டுக்கும்" என்று நீ விளக்கினாய். அவள் நம்பவில்லை. பாலை வாசலில் வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். எலி தின்கிற பாம்பு அது. உன் ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் டப்பாவைத் திறந்து அலறிய என் மகளுக்குத்தான் அது தெரியும்.

முதலில் வந்தது பழுப்பும் கறுப்புமான சாதாரணப் பாம்பு. அதோடு நின்றிருக்கலாம். பிறகு வெள்ளையில் மஞ்சள் திட்டும் சிவந்த கண்ணுமாக ஒன்று வந்தது. இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு கிராக்கி என்று தெரியாத்தனமாகக் கேட்டுவிட்டேன். நீ ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாய்.

"இதுக்குக் கறுப்பே ஊறாதுடா. கறுப்பு போயிட்டா அடியில இருந்த மஞ்சள் மட்டும் நிக்குது. அப்பனும் ஆத்தாவும் சாதாப் பழுப்பா இருந்தாலும் ரெண்டும் உள்ளுக்குள்ள இத மறைச்சு வெச்சிருந்தா இப்பிடி ஒண்ணு பொறக்கும். அபூர்வமா வருதுல்ல, அதான் கிராக்கி. திட்டு ஓரம் கலங்காம இருக்கணும், வெள்ளை அழுக்கில்லாம இருக்கணும், அதெல்லாம் பாப்பாங்க. இன்னும் கொஞ்ச நாள்ல எல்லார்கிட்டயும் இது வந்துடும். அப்புறம் இத ஒருத்தன் சீண்ட மாட்டான். மயில்கழுத்து கலரு புடவை ஒரு தீபாவளிக்குப் பறந்துச்சே, அடுத்த தீபாவளிக்கு யாரு வாங்குனா?"

எனக்குப் பொறுக்கவில்லை. கலர் என்ற ஒரே சொல்லால் உன்னை எழுந்து போகச் சொன்னார்கள். நீயும் கடைசியில் கலர் பார்க்க உட்கார்ந்துவிட்டாயா? அதுவும் வெளுத்த பாம்பாகப் பார்த்து? இதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்தே நீ புரிந்துகொண்டாய்.

"பாம்புக்குத் தன் கலரு தெரியாதுடா. அதோட ஜோடியும் கலரு பாக்காது. பேஜாரெல்லாம் பாக்குற நமக்குத்தான்."

மூன்றாவதாக வந்ததுதான் ஸ்பைடர். அதை நான் அழகில்லை என்று சொன்னால் பொய். பொன் நிற உடம்பு, அதன்மேல் சிலந்தி இழைத்ததுபோல மெல்லிய கறுப்புக் கோடுகள், விலாவில் வெள்ளை. நீ அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனது நினைவிருக்கிறது. பட்டுப்புடவையை வெயிலில் காட்டிப் பார்க்கிற அதே நிற்பு. அப்போதுதான் தலையைக் கவனித்தோம். தலை நிற்கவில்லை. மெதுவாகத் திருகிக்கொண்டு போய், தாடை மேலேயும் உச்சி கீழேயுமாகத் தொங்கியது. எலியைக் காட்டினால் பக்கத்துக் காற்றைக் கடித்தது.

வழியில் அடிபட்டிருக்கும் என்று நினைத்தாய். பாண்டிச்சேரி டாக்டர் தம்பிதான் போனில் சொன்னான். அந்தக் கலரோடு சேர்ந்தே வருகிறதாம் இந்த ஆட்டம். கோடு எதனால் வருகிறதோ அதனால்தான் தலையும் ஆடுகிறது. ஒன்றை விட்டு ஒன்றைப் பிரிக்க முடியாது, மருந்தும் இல்லை. திருப்பிக் கொடுத்துவிடு என்றேன். என்னை முறைத்தாய்.

பிறகு சென்னையிலிருந்து அந்த ஆள் வந்தான். பாம்புகளை ஜோடி சேர்த்து விற்கிறவன். அன்று நானும் இருந்தேன்.

"மேடம், இந்த ஸ்பைடரையும் உங்க வெள்ளையையும் சேர்த்தா, ரெண்டாவது தலைமுறையில வெள்ளை உடம்புல மஞ்சக் கோலம் போட்ட மாதிரி வரும். யார்கிட்டயும் இல்லாத கலரு. நீங்க சரின்னு சொன்னா போதும்."

"தலை?"

"லேசான ஆட்டம்தானே மேடம். போட்டோல தெரியாது."

"குட்டில பாதிக்கு இந்தக் கோடு வரும். கோடு வந்ததுக்கெல்லாம் ஆட்டமும் வரும். உங்க கண்ணுக்கு ஜோரா இருக்குதுன்னு அதுங்க வாய்க்கும் எலிக்கும் வழி தெரியாம அலையணுமா?"

"வாங்குறவங்க கேக்குறாங்க மேடம். டிமாண்ட் இருக்கு."

"டிமாண்ட் இன்னா பண்ணும்னு எனக்குத் தெரியும்ங்க. நானும் அதுல நின்னவதான். கெளம்புங்க."

அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. அத்தனை வருஷத்தில் உன்னைப் பெண் பார்த்ததைப் பற்றி நீ வாய் திறந்தது அந்த ஒருமுறைதான், அதுவும் முன்பின் தெரியாத ஒருவனிடம். என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா, அக்கா?

உடம்புக்கு முடியாமல் பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் நீ உன்னைப் பற்றிப் பேசவில்லை. "மத்த ரெண்டையும் டாக்டர் தம்பி எடுத்துப்பாரு. ஸ்பைடர அந்த மெட்ராஸ்காரன்கிட்ட மட்டும் குடுத்துடாத" என்றாய். வேறு யாரிடம் கொடுப்பது என்று கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டாய். தூங்குகிறாய் என்று நர்ஸ் நினைத்தாள். நான் ஏமாறவில்லை. வசதியாகத் தப்பித்துக்கொண்டாய்.

அடக்கம் முடிந்த மறுவாரமே அந்த மெட்ராஸ்காரன் போன் செய்தான். துக்கம் விசாரித்தான், அதே மூச்சில் பாம்பையும் விசாரித்தான். இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். ஆகவே அது இப்போது விழுப்புரத்தில் என் வீட்டில் இருக்கிறது. உன் தம்பி பெண்டாட்டி என்னோடு சரியாகப் பேசவே பல வாரம் ஆனது. எலிக்கென்று தனியாக ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் வாங்கினேன். பெட்டிக்குள் நார்த்தூளுக்குப் பதில் பழைய பேப்பர்தான் விரிக்கிறேன். ஆபீஸில் என் பெயருக்கு முன்னால் என்ன சேர்த்துச் சொல்கிறார்கள் என்று உனக்கு எழுதமாட்டேன்.

வீட்டுக்கு வருகிறவர்கள் எட்டி நின்று, "யப்பா, தங்கமாட்டம் கீதே!" என்று செல்போனில் படம் எடுக்கிறார்கள். எடுத்ததும் போய்விடுகிறார்கள். அது சாப்பிடுவதைப் பார்க்க ஒருவருக்கும் பொறுமை இல்லை. எனக்கும்தான் இல்லை. ஆனாலும் இடுக்கியில் எலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். தலை கூரையைப் பார்த்துத் திருகுகிறது, இரையை விட்டுக் காற்றைக் கடிக்கிறது, களைத்துப்போய்ச் சற்று இளைப்பாறுகிறது, மறுபடி முயல்கிறது. எனக்குத் தோள் இற்றுப்போகிறது. உன்னையும் அதையும் சேர்த்து வாய்க்கு வந்தபடி திட்டுகிறேன்.

திட்டிக்கொண்டே, அதன் வாய் எந்தப் பக்கம் திரும்புகிறதோ அந்தப் பக்கம் கையைக் கொண்டுபோகிறேன்.