முப்பது சுத்தமான நாட்கள்

மார்ச் 4, புதன்

இன்று பதினேழு.

காலை ஒன்பதரைக்கு ஒப்பீட்டு அறிக்கை வந்தது. வித்தியாசம்: 0. இன்னும் பதின்மூன்று நாள் இப்படியே வந்தால் பழையதை அணைத்துவிடலாம். நான் பெட்டியைக் கட்டலாம்.

யாராவது இந்த நோட்டைப் புரட்டினால் பைத்தியம் என்று நினைப்பார்கள், ஆகையால் ஒரு தடவை ஒழுங்காக எழுதி வைக்கிறேன். எங்கள் நிறுவனம் மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு ஒரு பெட்டகம் விற்கிறது. அவர்களுடைய கடவுச்சொற்களையெல்லாம் அதில் பூட்டி வைக்கலாம். யார் யார் எந்தப் பெட்டகத்தைத் திறக்கலாம் என்ற பட்டியல் ஒரு பழைய டேட்டாபேஸில் இருக்கிறது. அதைப் புதியதற்கு மாற்றுகிறோம். இப்போது இரண்டும் சேர்ந்து ஓடுகின்றன. எதை எழுதினாலும் இரண்டிலும் எழுதப்படும். ஒரு கருவி தினமும் முப்பதில் ஒரு பங்கை எடுத்து இரண்டையும் ஒப்பிடுகிறது. முப்பது நாள் தொடர்ந்து ஒரு வித்தியாசமும் வரக்கூடாது. வந்தால் மறுபடி பூஜ்யம். நடுவில் யாராவது எதையாவது மாற்றினாலும் பூஜ்யம்.

இந்த விதியை எழுதியது நான்தான். அன்றைக்குக் கை தட்டினார்கள்.

பழையது தெரிந்த ஆள் இப்போது நான் ஒருத்தி மட்டுமே. பாதுகாப்பு என்று சொல்லி, மூன்றாம் மாடியில் ஜன்னல் இல்லாத ஓர் அறையிலிருந்து மட்டும்தான் அதைத் தொட விடுகிறார்கள். கணவருக்கு வேலை மாற்றலாகி, அவரும் மகளும் ஊர் மாறிப் போய்ப் பதினோரு மாதம். "ரெண்டே மாசம்" என்று சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 9, திங்கள்

22. மகள் போனில் முதல் கேள்வியே அதுதான். "இன்னிக்கு எத்தனை?"

"இருபத்திரண்டு."

"போன தடவை இருபத்தெட்டு வரைக்கும் வந்துச்சுல்ல?"

பத்து வயதுக்கு இவ்வளவு ஞாபக சக்தி கூடாது.

அந்த அறையில் இன்று ஏழு மணி நேரம். உள்ளே போகக் கையெழுத்து, வெளியே வரக் கையெழுத்து. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே நான் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். நாற்காலிக்கு இடது கை இல்லை. மாற்றித் தரச் சொன்னால், "பழைய சிஸ்டம் போனதும் அந்த ரூமே போயிடும், அதுக்கு எதுக்குப் புது நாற்காலி?" என்கிறார்கள். நியாயம்தான். பதினோரு மாதமாக நியாயம்.

வாடகை அறைக்குத் திரும்பினால் ஒரு தட்டு, ஒரு டம்ளர். மிச்சப் பாத்திரங்கள் அட்டைப் பெட்டியில். பிரித்தால் தங்குவதாக ஆகிவிடுமே என்று பிரிக்கவே இல்லை.

மார்ச் 13, வெள்ளி

இருபத்தாறாம் நாள். வித்தியாசம்: 1.

பூஜ்யம்.

மார்ச் 14, சனி

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. இது பதினான்காவது முறை.

ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கண்டுபிடித்திருக்கிறேன். ஒரு தடவை இரண்டு சர்வர்களின் கடிகாரம் ஒத்துப் போகவில்லை. ஒரு தடவை வரிசையில் நின்ற பதிவு ஒன்று நெரிசலில் விழுந்துவிட்டது. எல்லாமே நிஜமான கோளாறுகள்தான், சரி செய்தேன். இதோ முடிந்தது என்று நினைக்கும்போது இன்னொன்று. புதியது ஏன் தவறவிட்டது, ஏன் தவறவிட்டது — பதினோரு மாதமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கணவரிடம் சொன்னேன். "சரி, விடு" என்றார். முன்பெல்லாம் ஒரு பெருமூச்சாவது வரும். இந்த "சரி விடு" உப்புச் சப்பில்லாமல் இருந்தது. திட்டியிருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன்.

மார்ச் 18, புதன்

5. மேலாளர் கூப்பிட்டு அனுப்பினார். எதைக் கேட்டாலும் "பார்க்கலாம்" என்பார், ஆகவே அவர் பெயரே எங்களுக்குள் பார்க்கலாம்.

"கோடிக்கணக்கான பதிவுல ஒண்ணுதானே வித்தியாசம். அந்த ஒண்ணை ஒப்பிடாம விட்டுடுற மாதிரி கருவியில ஒரு விலக்கு போட்டுட்டா என்ன?"

அந்த ஒன்று என்ன என்று பார்த்தீர்களா என்று கேட்டேன். பார்க்கவில்லை. நான் காட்டினேன். ஒரு வாடிக்கையாளர் நிறுவனத்தில் வேலையை விட்டுப் போன ஆள். பழையது "நீக்கப்பட்டார்" என்கிறது. புதியது "அனுமதி உண்டு" என்கிறது. பழையதை அணைத்திருந்தால், போன மனுஷன் வீட்டிலிருந்தே அந்த நிறுவனத்தின் அத்தனை பூட்டையும் திறந்து பார்க்கலாம்.

"அப்போ வேணாம்" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நீங்க இருக்கிறவரைக்கும் எனக்குக் கவலையே இல்ல" என்றார்.

பாராட்டுதான். ஏன் கழுத்தில் கயிறு மாட்டினாற்போல இருந்தது?

மார்ச் 27, வெள்ளி

14. மகள் எண்ணைக் கேட்கவில்லை. பள்ளியில் ஓவியப் போட்டி, தோழிக்குக் கண்ணாடி போட்டிருக்கிறார்கள், அப்பா புட்டிங் செய்யப் போய் அடுப்பைக் கறுப்பாக்கிவிட்டார். எல்லாம் சொன்னாள். எண் மட்டும் இல்லை.

நானாகவே சொன்னேன். "பதினாலு."

"ம்" என்றாள்.

மார்ச் 28, சனி

நேற்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை.

ஏப்ரல் 6, திங்கள்

24. எங்கிருந்து தொடங்குவது?

கஸ்டமர் சப்போர்ட்டில் ஓர் அக்கா. நான் இங்கே சேர்ந்த நாளிலிருந்து மதியம் எனக்குத் துணை. இன்று சாப்பிடும்போது அந்த "வேலையை விட்டுப் போன ஆள்" கதையைச் சும்மாதான் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"அதான் தன்னால மூடிக்குமே. நீதானே பண்ணிக் குடுத்த?"

"என்ன பண்ணிக் குடுத்தேன்?"

"போன ஆளுங்க கணக்கை மூடச் சொல்லி மாசாமாசம் ஒவ்வொருத்தரா உனக்கு அனுப்புவேன்ல. தொல்லை தாங்காம, இனிமே அனுப்பாதீங்க, அதுவே பாத்துக்கும்னு சொன்னியே. ஏழு வருஷம் இருக்கும்."

பாதிச் சாப்பாட்டில் எழுந்து மாடிக்கு ஓடினேன். பழைய சர்வரில் எந்தெந்த வேலை எந்தெந்த நேரத்தில் தானாக ஓடுகிறது என்ற பட்டியலைத் திறந்தேன். அதில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட், சில வரிக் கட்டளைகள். மாதத்தின் முதல் ஞாயிறு, விடியற்காலை ஐந்து மணி. தொண்ணூறு நாள் உள்ளே வராத, நிறுவனப் பட்டியலிலும் இல்லாத ஆட்களை நேராகப் பழைய டேட்டாபேஸில் நீக்குகிறது. இரண்டிலும் எழுதும் வாசல் வழியாகப் போகவே இல்லை. புதியதற்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது.

முதல் வரியில் என் பெயரின் முதலெழுத்துகள். பக்கத்தில் நானே எழுதிய குறிப்பு: "தற்காலிக ஏற்பாடு."

மாதம் ஓரிருவரைத்தான் நீக்கும். அந்த ஆள் முப்பது பங்கில் எந்தப் பங்கில் இருக்கிறாரோ, அன்றைக்குத்தான் ஒப்பீட்டில் அகப்படுவார். அதனால்தான் ஒரு நாள் ஒன்பதில், ஒரு நாள் இருபத்தெட்டில். மாதம் ஒரு தடவை இது ஓடும்போது முப்பது சுத்தமான நாள் எங்கிருந்து வரும்? வரவே வராது. இன்னும் பத்து வருஷம் உட்கார்ந்திருந்தாலும் வராது. புதியது ஏன் தவறவிட்டது என்று கேட்டேனே தவிர, பழையதில் எழுதியது யார் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பத்து நிமிஷம்.

நான்தான். நான் சரி செய்த கோளாறுகளும் நிஜம்தான், ஆனால் பூஜ்யமாக்கியது பதினாலு தடவையும் நான்தான். சொந்தச் செலவில் சூனியம்னு சொல்வாங்களே, அது இதுதான்.

ஏப்ரல் 7, செவ்வாய்

காலை முழுக்க ஒரே எண்ணம். சொல்லாமல் விட்டால்?

நேற்று முன்தினம்தான் அது ஓடியிருக்கிறது. நீக்கிய இரண்டு பேரும் இன்னும் ஒப்பீட்டுக்கு வரவில்லை. புதியதிலும் அந்த இரண்டு பேரை நானே கையால் நீக்கிவிடலாம். ஸ்கிரிப்டைப் புதியதற்குள் செருகிவிட்டுப் பழையதில் இருப்பதை அழித்துவிடலாம். யாருக்கும் தெரியாது. இன்று இருபத்தைந்து, இன்னும் ஐந்து நாளில் முப்பது. ஞாயிற்றுக்கிழமை பஸ். ஒரு வருஷம் இழுத்ததற்குக் காரணம் யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள்.

விரல் விசைப்பலகை மேலேயே இருந்தது. அப்புறம் நினைத்துப் பார்த்தேன். ஏழு வருஷத்துக்கு முன்னால் நான் செய்ததும் இதேதான். யாரிடமும் சொல்லாமல் செருகினேன். இன்றைக்கும் அதையே செய்துவிட்டுப் போனால், எனக்குப் பின்னால் இதே கையில்லாத நாற்காலியில் வேறு யாரோ உட்கார்ந்திருப்பார்கள்.

பார்க்கலாமிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். ஸ்கிரிப்டை இரண்டிலும் எழுதும் வாசல் வழியாகத் திருப்பி, அந்த இரண்டு பேரைப் புதியதிலும் நீக்கி, விதிப்படி மாற்றத்தைப் பதிந்தேன். பூஜ்யம். அதே மேசையில் ராஜினாமாக் கடிதத்தையும் வைத்தேன். ஒரு மாத அறிவிப்பு. மே 6 கடைசி நாள்.

"முப்பது ஆகட்டுமே, அப்புறம் பார்க்கலாமே."

"ஆகும் சார். நான் இல்லாமலும் ஆகும்."

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

ஏப்ரல் 8, புதன்

1. கணவரிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. முழுக்கக் கேட்டார்.

"ஒரு மாச நோட்டீஸ்தானா?"

"ஆமா."

"அப்போ என்னிக்கு வேணும்னாலும் குடுத்திருக்கலாம். அதை அப்படியே விட்டுட்டு வந்துடலாம்னு உனக்கு ஒரு நாளாவது தோணலையா?"

தோணல. அதுதான் நிஜம், தோணவே இல்ல. அவர்கிட்ட அழுதேன், ஆனா அவர் கேட்டதுக்குப் பதில் சொல்லல. இங்கே சொல்கிறேன். அந்த அறையை நான் வெறுத்தேன். ஆனால் அங்கே எல்லாரும் என்னைத் தேடி வந்தார்கள். அது பிடித்திருந்தது. ஸ்கிரிப்ட் ஒரு பூட்டு என்றால், இது இன்னொரு பூட்டு. இதை யாரும் என் மேல் போடவில்லை.

ஏப்ரல் 22, புதன்

15. பழையதைப் பற்றித் தெரிந்த எல்லாவற்றையும் எழுதுகிறேன். அறுபத்திரண்டு பக்கம் ஆகிவிட்டது. அக்காவைப் பக்கத்தில் உட்கார வைத்து, தாளைப் பார்த்துத் தானாகச் செய்யச் சொன்னேன். அவருக்குப் புரிந்தால் யாருக்கும் புரியும். மூன்று இடத்தில் திணறினார். "இது உன் மண்டையில இருக்கு, பேப்பர்ல இல்ல" என்றார். அந்த மூன்றையும் திருத்தினேன்.

மே 3, ஞாயிறு

26. முதல் ஞாயிறு. விடியற்காலை ஐந்துக்குப் புதிய வழியில் ஓடியது. ஒருவரை நீக்கியது, இரண்டிலும். நான் படுக்கையில் இருந்தேன்.

மே 6, புதன்

29.

"இன்னும் ஒரே நாள்" என்றார் பார்க்கலாம். "நாளைக்கு நீங்களே உங்க கையால அணைச்சா எவ்வளவு நல்லா இருக்கும். டிக்கெட்டை மாத்திக்கலாமே, செலவு நாங்க பாத்துக்கிறோம்."

வாய் "சரி" என்று சொல்லப் போனது. நிஜமாகவே போனது. பதின்மூன்று மாதமும் ஒரே ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்றுதான் போனது.

கையெழுத்துப் போட்டு வெளியே வந்தேன். பஸ் ஐந்தரைக்கு.

மே 7, வியாழன்

வந்து சேர்ந்தேன். பத்து மணிக்குப் பார்க்கலாமிடமிருந்து செய்தி: "முப்பது. அணைச்சாச்சு." யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை.

மே 12, செவ்வாய்

வீடு அவர்கள் இருவர் கைக்கு ஏற்ப அமைந்திருக்கிறது. நான் எதைத் தேடினாலும் இரண்டு இழுப்பறைகளைத் தவறாகத் திறக்கிறேன். மகள் பொறுமையாகக் காட்டிக் கொடுக்கிறாள், வீட்டுக்கு வந்தவர்களுக்குக் காட்டுவதுபோல.

இன்று காலை அவர் அலுவலகம் போன பிறகு அவள் அறையிலிருந்து குரல். "அப்பா."

போனேன். முகம் சிவந்திருந்தது. நெற்றி கொதித்தது.

"அப்பா எங்க?"

"ஆபீஸ் போயாச்சு. நான் இருக்கேன்."

என்னையே பார்த்தாள். தெர்மாமீட்டர் எங்கே என்று கேட்டேன். அலமாரியில் இரண்டாவது தட்டு, பஞ்சுப் பாக்கெட்டுக்குப் பின்னால். நூற்றொன்று இருந்தது. மாத்திரை எது என்றும் அவள்தான் சொன்னாள். "ஸ்கூல் சம்மர் கேம்ப்புக்கு வரலைன்னு சொல்லணும், அந்த நம்பர் அப்பாகிட்டதான் இருக்கு" என்றாள். "கேட்டு வாங்கிக்கிறேன்" என்றேன். நம்பர் வந்தது, பள்ளியில் சொன்னேன். யார் பேசுவது என்று கேட்டார்கள். அம்மா என்றேன்.

திரும்பி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். எங்கே உட்காருவது என்று தெரியவில்லை. இந்தக் கட்டிலில் இதற்கு முன் நான் உட்கார்ந்ததே இல்லை. அவள் கண்ணை மூடியிருந்தாள், தூங்கிவிட்டாள் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து, கண்ணைத் திறக்காமலே சுவர்ப் பக்கம் நகர்ந்து படுத்தாள். ஒரு ஆள் படுக்கும் அளவுக்கு இடம் இருந்தது.

மதியம் வரை அங்கேயேதான் இருந்தேன்.