தோல்வியே காணாத கேப்டன்

2009 அக்டோபர் 2, வெள்ளி

ஷம்ஷாத் பாய்க்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அதனால் நான் கேப்டன் ஆனேன்.

நேற்று அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். பிரியாணி முடிந்து எல்லாரும் கை கழுவிக்கொண்டிருந்தோம். கராச்சியில் வாலிப வயதில் ஒரு கேட்சை எப்படிப் பாய்ந்து பிடித்தார் என்று சம்பந்தி வீட்டாருக்குக் கம்பளத்தின் மேல் பாய்ந்து காட்டினார். பாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. சம்பந்திகளே தூக்கிக்கொண்டு போய்க் காரில் படுக்க வைத்தார்கள். இந்த சீசன் முழுக்க மைதானம் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

வளைகுடாவுக்குப் பிழைக்க வந்த நாங்கள் வெள்ளி விடுமுறையில் ஆடும் ‘ரோலா ஷாஹீன்ஸ்’ அணிக்குப் பதினோரு வருடமாக அவர்தான் கேப்டன். என் மனைவியின் அண்ணன் வேறு. இன்று காலை டீக்கடையில் கூடினோம். யார் கேப்டன் என்று கேட்டதும் எல்லாரும் டீயைப் பார்த்தார்கள். கடைசியில் குல்ஸரீன்தான் வாயைத் திறந்தான். பெஷாவர்க்காரன், தண்ணீர் லாரி ஓட்டுகிறான், எங்கள் வேகப்பந்து வீச்சாளன்.

“நம்ம தௌகீர் பாய் இருக்காரே! பொறுமைசாலி, அனுபவசாலி.”

எல்லாரும் கை தட்டினார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வீட்டில் நுஸ்ஹத்திடம் சொன்னேன். “உங்க கடை வேன்ல ஐஸ் பெட்டியும் பிட்ச்ல விரிக்கிற பாயும் ஏத்த இடம் இருக்கு. அதான்” என்றாள்.

திரைச்சீலைக் கடை வைத்திருப்பவனுக்கு வேன் இருக்காதா? அதையும் இதையும் முடிச்சுப் போடுவது அவள் வழக்கம்.

அக்டோபர் 9, வெள்ளி

ஜெயித்தோம்!! மதிய ஜும்ஆ தொழுகைக்கு நேரம் இருக்கும்போதே முடிந்துவிட்டது.

நான் மிட் ஆஃபில் நின்றபடி கையைக் காட்டிக்கொண்டே இருந்தேன். நீ முன்னால் வா, நீ பின்னால் போ, நீ அந்த விளக்குக் கம்பம் பக்கம் நில். காட்டிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்காமல் என் இடத்துக்கு நடந்தேன். கேப்டன் என்றால் அப்படித்தான் நடக்க வேண்டும்.

அக்டோபர் 16, வெள்ளி

மறுபடி வெற்றி.

டீக்கடையில் பெரிய சண்டை. ஒருநாள் கிரிக்கெட்டில் உலகத்திலேயே சிறந்த கேப்டன் யார்? அதிகமாக ஜெயித்தவர் பாண்டிங் என்றேன். ஷம்ஷாத் பாய் படுக்கையிலிருந்தே போனில் கலந்துகொண்டார், ஸ்பீக்கரில். “எத்தனை மேட்ச்னு எண்றதுக்கு அது என்ன முட்டைக் கடையா? இம்ரான் கான்! பேச்சு முடிஞ்சுது.” நூற்றுக்கு எத்தனை என்று பார்த்தால் லாய்டு என்று பக்கத்து மேசைக்காரர் ஒருவர் எழுந்து வந்து சொன்னார். எங்கள் விக்கெட் கீப்பர் உபாலி, பள்ளிக்கூட பஸ் ஓட்டுபவன், இலங்கையில் காலி ஊர்க்காரன், உருது அரைகுறை. எப்போதும் போல ஒரே வார்த்தைதான் பேசினான். “அர்ஜுன.”

நான் சிரித்துக்கொண்டு சும்மா இருந்தேன். நூற்றுக்கு எத்தனை என்ற கணக்குக்கு வந்தால் லாய்டும் எனக்குக் கீழேதான். எனக்கு நூற்றுக்கு நூறு.

இதை யாரிடமும் சொல்லவில்லை. இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன்.

அக்டோபர் 23

வெற்றி. கறுப்புக் கண்ணாடி வாங்கினேன்.

அக்டோபர் 30, வெள்ளி

மீண்டும் வெற்றி. இரவு சாப்பாட்டில் நிஹாரிக் குழம்புக் கிண்ணத்தை ஹானியா பக்கம் தள்ளச் சொல்லி நான் விரலைத்தான் அசைத்தேன். நுஸ்ஹத் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“இது வீடு. வாயால கேளுங்க. இல்லன்னா கிண்ணம் அங்கேயே நிக்கும்.”

மகள் மேசைக்கு அடியில் குனிந்து சிரித்தாள். பெரிய கேப்டன்களின் வீட்டிலும் இதே கதைதானா? யாரும் வெளியே சொல்வதில்லை போலும்.

நவம்பர் 6, வெள்ளி

தோல்வியே இல்லை இன்னும். நான் நடந்து போனால் எதிர் அணியினர் எழுந்து கை கொடுக்கிறார்கள். ஹானியா முதல்முறையாக மைதானத்துக்கு வந்து தன் போனில் வீடியோ படம் பிடித்தாள். வாப்பாவின் பெருமையை அவளும் பார்க்கட்டும்.

நவம்பர் 7, சனி

எழுதவே கை வரவில்லை.

காலையில் மூன்று பேரும் உட்கார்ந்து அந்தப் படத்தைப் பார்த்தோம். முதலில் நன்றாகத்தான் இருந்தது. நான் கையைக் காட்டுகிறேன். திரும்பி நடக்கிறேன். கண்ணாடி எனக்குப் பொருத்தமாகவே இருக்கிறது. அப்போது ஹானியா, “வாப்பா, பின்னாடி உபாலி அங்கிளைப் பாருங்க” என்றாள்.

பார்த்தேன்.

நான் முதுகைக் காட்டியதும் உபாலி கையுறையை லேசாகத் தட்டுகிறான். நான் வலது பக்கம் அனுப்பிய ஆள் இடது பக்கம் போகிறான். முன்னால் வரச் சொன்னவன் பின்னால் போகிறான். குல்ஸரீன் ஓடி வருவதற்கு முன் என்னைப் பார்த்துத் தலையாட்டுகிறான், அப்புறம் உபாலியைப் பார்க்கிறான், அப்புறம்தான் ஓடுகிறான். ஒவ்வொரு பந்துக்கும்! ஒரே ஒரு பந்துக்காவது நான் சொன்ன இடத்தில் எவனாவது நின்றானா? இல்லையே.

நுஸ்ஹத் சிரித்து சிரித்துத் துப்பட்டாவால் கண்ணைத் துடைத்தாள். “இன்னொரு தடவை போடும்மா, இன்னொரு தடவை.”

என் மகளும் போட்டாள்.

நவம்பர் 13, வெள்ளி

சோதித்துப் பார்த்தேன். ஆறு பேரை ஒரே இடத்தில் வரிசையாக நிற்கச் சொல்லிக் கை காட்டினேன். மூளை உள்ள எவனாவது “என்ன பாய் இது?” என்று கேட்டிருக்க வேண்டும். எல்லாரும் பணிவாகத் தலையாட்டினார்கள். திரும்பிப் பார்த்தால் ஆளுக்கொரு திசையில், அழகாக, சரியாக நிற்கிறார்கள். ஜெயித்தோம், பாழாய்ப்போன வெற்றி.

ஆட்டம் முடிந்ததும் வேனுக்குப் பின்னால் குல்ஸரீனையும் உபாலியையும் நிறுத்திக் கேட்டேன்.

“என்னய்யா நினைச்சுக்கிட்டு இருக்கீங்க? நான் என்ன, திரைச்சீலைக்குக் கீழ தொங்குற குஞ்சமா?”

குல்ஸரீன் தாடியைச் சொறிந்தான். “பாய், நீங்க கை காட்டுற அழகே தனி. எதிராளி உங்களையே பார்த்துக் குழம்புறான். சத்தியமா.”

“உபாலி, நீ சொல்லு.”

உபாலி பூட்ஸைக் கழற்றியபடி நிதானமாகச் சொன்னான். “ஷம்ஷாத் பாய் இருந்தப்பவும் இப்படித்தான் பாய்.”

“பதினோரு வருஷமுமா?”

“ம்ம். அவருக்குத் தெரியாது.”

“அப்ப ஏன் அத்தனை மேட்ச் தோத்தோம்?”

“அவர் பந்து போடுவாரே. நிறுத்த மாட்டாரே. உங்களுக்குப் பந்து போட வராது. அதான் ஜெயிக்கிறோம்.”

பந்து போடத் தெரியாததுதான் என் தலைமைப் பண்பு!

“நீயே கேப்டனா இருந்து தொலைய வேண்டியதுதானே?”

“டாஸ் போடணும். அம்பயர்கிட்ட கத்தணும். தோத்தா எல்லார்கிட்டயும் திட்டு வாங்கணும். எனக்கு எதுக்கு பாய் அதெல்லாம்?”

நவம்பர் 14

ஷம்ஷாத் பாய் போனில் ஒரு மணி நேரம் அறிவுரை. “நான் உருவாக்கின டீம்டா மாப்ள அது. நான் கண்ணைக் காட்டினா பசங்க புரிஞ்சுக்குவானுங்க. நீ என்ன பண்ணினாலும் அந்த அஸ்திவாரம் ஜெயிக்க வைக்குது.”

நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. சொல்லிவிட்டால் என் மனம் ஆறும். ஆனால் அவர் படுத்துக் கிடக்கிறார். மல்லாந்து கிடக்கும் மனிதரைப் போய் இன்னும் என்ன சாய்ப்பது? “ஆமா பாய்” என்றேன்.

நவம்பர் 20, வெள்ளி

அரையிறுதியும் ஜெயித்தாயிற்று. நான் கை காட்டவே இல்லை. யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. அதுதான் வலிக்கிறது.

டிசம்பர் 10, வியாழன்

நாளை இறுதி ஆட்டம், அஜ்மான் அணியோடு. ஷம்ஷாத் பாய் இடுப்பில் பட்டை கட்டிக்கொண்டு பார்க்க வருகிறாராம். விலகிவிடலாமா? நூற்றுக்கு நூறோடு போய்விடலாம். ஆனால் யாருடைய நூறு அது?

டிசம்பர் 11, வெள்ளி

நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

நாங்கள் முதலில் ஆடினோம். சுமாரான ஸ்கோர். அவர்கள் துரத்தினார்கள். உபாலியின் கையுறை வேலை செய்துகொண்டிருந்தது. எல்லைக்கோட்டுக்கு வெளியே நாற்காலியில் ஷம்ஷாத் பாய். அவர் ஒரு ஆட்டத்தை வெளியே உட்கார்ந்து பார்ப்பது இதுதான் முதல்முறை.

கடைசிக்கு முந்தின ஓவரில் பந்து எகிறி உபாலியின் கட்டைவிரலில் பட்டது. விரல் வேறு பக்கம் திரும்பி இருந்தது. என் வேனிலேயே ஏற்றி ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். வேறொருவன் கையுறையை மாட்டிக்கொண்டான்.

கடைசி ஓவர். ஆறு ரன் வேண்டும். ஒரே விக்கெட் பாக்கி. குல்ஸரீன் பந்தோடு நின்று பழக்கத்தில் ஸ்டம்புக்குப் பின்னால் பார்த்தான். அங்கே நின்ற பையன் தோளைக் குலுக்கினான். பிறகு எல்லாரும் மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

யா அல்லாஹ். இதுக்கா ஆசைப்பட்டேன்?

வெளியிலிருந்து ஷம்ஷாத் பாய் கத்தினார். “எல்லாரையும் எல்லைக்குத் தள்ளு மாப்ள!” நான் குல்ஸரீனிடம் போனேன். “உனக்கு எங்கே ஆள் வேணும்?”

அவன் என்னை விநோதமாகப் பார்த்தான். “என்னை இதுவரைக்கும் யாரும் கேட்டதே இல்லையே பாய்!” யோசித்து இரண்டு பேரை நகர்த்தச் சொன்னான். நகர்த்தினேன். நகர்ந்தார்கள்! எதிர் அணியின் உயரமான ஆட்டக்காரன் ஆட வந்ததிலிருந்து எல்லாப் பந்தையும் தண்ணீர்த் தொட்டிப் பக்கமாகவே தூக்கி அடித்துக்கொண்டிருந்ததை நான் கவனித்திருந்தேன். அங்கே ஆளில்லை. நானே போய் நின்றேன். இது யாரும் சொல்லித் தராதது, முழுக்க என் யோசனை.

குல்ஸரீன் ஓடி வந்தான். உயரமானவன் தூக்கி அடித்தான். பந்து வானத்தில் ஏறி நேராக என்னிடமே வந்தது. ஒரு அடிகூட நான் நகர வேண்டியிருக்கவில்லை.

கைக்குள் விழுந்தது. வெளியே குதித்தது. நெஞ்சில் பட்டது. எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் போய் விழுந்தது. ஆறு.

கேப்டன் தௌகீர் தேர்ந்தெடுத்த இடம் சரிதான். அங்கே நின்ற தௌகீர்தான் சரியில்லை.

யாரும் திட்டவில்லை. அது இன்னும் மோசம். ஆஸ்பத்திரிக்குப் போனேன். உபாலி பெரிய கட்டோடு உட்கார்ந்திருந்தான். எல்லாவற்றையும் சொன்னேன், தண்ணீர்த் தொட்டி உட்பட. கண்ணை மூடி மைதானத்தை மனத்துக்குள் பார்த்தான்.

“நானும் அங்கேதான் ஆளை வச்சிருப்பேன் பாய்” என்றான். பிறகு, “உங்களை இல்ல” என்றான்.

வேனில் தனியாக வரும்போது சிரிப்பு வந்துவிட்டது. உண்மையில் என் கணக்கு இதுதான்: நான் கேப்டனாக இருந்தது ஒரே ஓவர். அதில் தோல்வி.

டிசம்பர் 18, வெள்ளி

ஷம்ஷாத் பாய் வீட்டுக்கு வந்தார். முகமே சரியில்லை. நுஸ்ஹத் சமோசா வைத்தாள், தொடவில்லை. அவள் உள்ளே போனதும் குரலைத் தாழ்த்தினார்.

“மாப்ள, அந்த உபாலி... கையை ஆட்டிக்கிட்டே இருந்தானே. நான் இருந்தப்பவும் அப்படித்தானா?”

துணிந்து பொய் சொன்னேன். “உங்க காலத்துலயா? ச்சே! உங்க பேச்சைத் தட்ட யாருக்குத் தைரியம்? எல்லாரும் நீங்க சொன்ன இடத்துலதான் நின்னாங்க.”

சந்தோஷப்படுவார் என்று பார்த்தேன். தலையைத் தொங்கப்போட்டார்.

“அப்ப பதினோரு வருஷமா தோத்தது எல்லாம்... நான்தானா?”

ஐயோ! இப்படி ஒரு அர்த்தம் வரும் என்று நான் யோசிக்கவே இல்லையே. உடனே அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“இல்ல பாய். பொய் சொல்லிட்டேன். அன்னிக்கும் உபாலிதான். முதல் நாள்லேர்ந்து உபாலிதான்.”

நிமிர்ந்தார். முகம் பெருநாள் காலை மாதிரி ஆனது.

“அல்ஹம்துலில்லாஹ்! எனக்கு அப்பவே சந்தேகம்டா! நான் எவ்வளவு பிரமாதமா ஃபீல்டிங் வச்சேன், எப்படித் தோத்தோம்னு!”

அவர் பந்து வீச்சைப் பற்றி உபாலி சொன்னதை நான் சொல்லவில்லை. தட்டில் இருந்த சமோசா முழுவதையும் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

2010 ஜனவரி 8, வெள்ளி

புதுத் தொடர். கட்டைவிரலில் இன்னும் கட்டு இருக்க, உபாலி டாஸ் போடப் போனான். இனி நீதான் கேப்டன் என்று நான் கையெடுத்துக் கும்பிட்டுத்தான் அனுப்பினேன். எட்டு விக்கெட் வித்தியாசத்தில் தோற்றோம். டீக்கடையில் ஷம்ஷாத் பாய் உபாலியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பதினோரு வருடத்துக்கும் சேர்த்துத் திட்டினார். உபாலி டீயில் ரஸ்க்கை நனைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான்.

நான் வீட்டுக்கு வந்து தொழுதுவிட்டு, சாப்பிட்டுவிட்டு, மாலை அஸர் தொழுகைக்குப் பாங்கு கேட்கும் வரை தூங்கினேன்.