நீ அடித்த பச்சைப் பெயிண்ட்

என் பிரியமுள்ள மாப்ளே,

நீ படத்துக்குள் சிரித்துக்கொண்டிருக்கிறாய். இங்கே உன் பொண்டாட்டி சாயத் தண்ணீரைத் திருட்டுத்தனமாக வாய்க்காலில் விடுகிறாள் என்று பேச்சு. கேட்டாயா?

ஆயுத பூஜை முடிந்த கையோடு நீ போய்ச் சேர்ந்தாய். ஆர்டர் இல்லாமல் நம் பள்ளிபாளையம் சாயப்பட்டறையும் மூடிக் கிடந்தது. திறந்ததும், சாயத் தண்ணீரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ளுகிற மோட்டார் ரூமில் உன் வேலையை என் தங்கச்சி சுமதிக்கே கொடுத்தார்கள். அன்றிலிருந்து வம்புதான். இங்கே நம் மீட்டர் காட்டுகிற அளவு, சுத்திகரிப்பு நிலையத்து மீட்டரில் போய்ச் சேருவதில்லை. நடுவில் வாய்க்கால் பக்கம் திறக்கிற வால்வு இருக்கிறதே, எல்லார் கண்ணும் அதன் மேல்தான்.

"உங்க தங்கச்சி வந்ததுலருந்துதானுங்க இப்படி. அங்க தொட்டி ரொம்பிப்போனா, காத்திருக்கச் சோம்பல்பட்டுத் தொறந்து உட்றாங்களாட்ட இருக்குது. இந்த வாரத்துக்குள்ள காரணந் தெரியலீன்னா வேற ஆளுதானுங்க" என்றார் மேனேஜர்.

மீட்டர் பழுது பார்ப்பது என் சோலி. பந்தியில் பாயசத்தைக்கூட முகர்ந்து பார்க்கிறவன் என்று என்னைக் கேலி செய்வாயே, அந்தப் புத்தி போகுமா? மேனேஜரையே முதலில் சந்தேகித்தேன். பிறகு நிலையத்து மீட்டரை, அதில் குறையில்லை. குழாயில் காற்றும் இல்லை. கடைசியில், சொல்லவே நாக்கு கூசுகிறது, சுமதி வேலை செய்யும்போது வால்வுப் பக்கம் போய் ஒளிந்து நின்றேன். அவள் பார்த்துவிட்டாள்.

"ஏண்ணா, நீயுங்கூடவா?"

கேட்டுவிட்டு மோட்டார் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் மோட்டாரை நிறுத்தச் சொல்லி, நம் மீட்டருக்கு இரண்டு பக்கமும் வால்வை மூடினேன். குழாய் நிறையத் தண்ணீர், அசையாமல் நிற்கிறது. மீட்டரில் எண் மட்டும் ஏறிக்கொண்டே இருக்கிறது. நிற்கிற தண்ணீரையே ஓடுவதாகச் சொல்கிறது, ஓடுகிற தண்ணீரைக் கூட்டிச் சொல்லாதா?

அப்போதுதான் மீட்டர் மேல் அந்தப் பச்சை கண்ணில் பட்டது. ஊரார் பூஜைக்கு மிஷினைத் துடைத்துப் பொட்டு வைப்பார்கள். உனக்குப் பெயிண்ட் அடித்தால்தான் மனசு ஆறும். எர்த் ஒயரைக் கழற்றி, அது உட்காரும் இடத்தையும் விடாமல் பூசி, காய்ந்ததும் மேலேயே முடுக்கியிருக்கிறாய். நடுவில் பெயிண்ட் நின்றால் எர்த் எப்படிக் கிடைக்கும்? கரண்டில் தண்ணீரை அளக்கிற மீட்டர், எர்த் கிடைக்காவிட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லும்.

ஊரையே சந்தேகித்தவன் உன்னை விட்டுவிட்டேனே மாப்ளே.

அந்த இடத்தைச் சுரண்டி ஒயரை முடுக்கினேன். ஏறிக்கொண்டிருந்த எண் அப்படியே நின்றது. மேனேஜர் பார்த்துவிட்டு, "செரீங்க, அந்தம்மாளே இருக்கட்டும்" என்று போய்விட்டார். சுமதி கீழே உதிர்ந்த பச்சைத் தூளைக் கையில் எடுத்தாள்.

"அவரு கடைசியா அடிச்சதுண்ணா. மிச்சத்தச் சொரண்டிப்போடாதே."

சுரண்ட மாட்டேன். ஒயர் உட்காரும் இடம் மட்டும் வெறும் இரும்பாக இருக்கும், மற்றதெல்லாம் உன் பச்சைதான். அடுத்த பூஜைக்கு அந்த இடத்தில் டேப் ஒட்டிவிட்டு, பிரஷ்ஷைச் சுமதி கையில் கொடுப்பேன். இனி எந்த மீட்டர் என்ன சொன்னாலும், அவளை ஒளிந்து நின்று பார்க்க மாட்டேன்.

இப்படிக்கு,
பாயசத்தை முகரும் உன் மச்சான்