வலப்பக்கத்துப் பதினெட்டு கிராம்

கோவில்பதாகை,
ஞாயிறு

அன்புள்ள அஸ்வின் கண்ணுக்கு அம்மா எழுதுவது. வேம்புலியம்மன் காவலில் நானும் அப்பாவும் இங்கே நல்ல நடமாட்டத்தோடு இருக்கிறோம், அந்தப் பனியில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் சொல்லிக்கொள்கிறேன். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். நடந்து மூன்று நாளாகிறது, இன்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நீ பரண்மேல் வைத்துவிட்டுப் போன ரிமோட் ரேஸ் காரை அப்பா ஆடி மாதம் இறக்கினார் என்று சொன்னேன் அல்லவா, ஞாயிற்றுக்கிழமைகளில் லட்சுமணன் மாமாவோடும் பேக்டரியில் ரிட்டயர் ஆன மற்றவர்களோடும் மைதானத்தில் ஓட்டுகிறார். நேராகப் போகிறது, வலப்பக்கம் ஒழுங்காகத் திரும்புகிறது, இடப்பக்கம் வேகமாகத் திருப்பினால் மட்டும் வலது பக்கமாகக் கவிழ்ந்துவிடுகிறது. வாராவாரம் இதே கதை. போன வாரம் லட்சுமணன் மாமா, "இன்னா மனோகரு, முப்பத்திநாலு வருசம் மிலிட்டரி டேங்குக்கு சஸ்பென்ஷன் மாட்டின கை, பொம்மை வண்டி மல்லாந்துகினு கீது" என்று சிரித்தார். விளையாட்டாகத்தான் சொன்னார், ஆனால் அப்பா வீட்டுக்கு வந்து கையை விரித்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "பையன் கையில ஓடின வண்டி என் கையில கவுறுது, கை நடுங்குது வசந்தா, எனக்குத்தான் தெரியல" என்றார். அன்றிலிருந்து காபி டம்ளரைக்கூட இரண்டு கையாலும் பிடிக்கிறார்.

வியாழக்கிழமை, கடைசியாக ஒருமுறை பார்த்துவிடுகிறேன் என்று நாலு சின்னத் தராசு இரவல் வாங்கி வந்து, சக்கரத்துக்கு ஒன்றாக வைத்து வண்டியை ஏற்றினார். அவர் சொல்லச் சொல்ல நான் என் நோட்டில் எழுதினேன். ஸ்பிரிங் வளையங்களைத் திருகித் திருகிப் பார்த்தார், ஒரு மூலையில் எடை ஏறினால் குறுக்கே எதிர் மூலையிலும் ஏறுகிறது, ஆனால் வலது சக்கரம் இரண்டையும் கூட்டினால் இடதைவிட எப்போதும் பதினெட்டு கிராம் அதிகம். கூட்டிப் பார்த்தது நான்தான். "இது ஸ்பிரிங் கோளாறே இல்ல, அந்தப் பக்கம் ஏதோ ஒண்ணு ஒக்காந்துகினு கீது, எனக்கு ஒண்ணும் தெரியல, கண்ணும் பூட்ச்சி போல" என்று வண்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு, லட்சுமணனுக்கே கொடுத்துவிடப் போவதாக எழுந்துவிட்டார்.

அந்தப் பதினெட்டு என் கையெழுத்தில் அதே நோட்டில் ஏற்கெனவே இருக்கிறது கண்ணு. நீ விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் திருவேற்காட்டில் இரண்டு தாயத்து வாங்கி, பெட்டி எடை கூடிவிடக்கூடாதே என்று சமையல் தராசில் வைத்துப் பார்த்து, ஒன்று பதினெட்டு கிராம் என்று எழுதி வைத்திருந்தேன். ஒன்றை உன் பெட்டியின் உள்துணிக்குள் தைத்தேன். இன்னொன்றை, நீ போனாலும் உனக்கு உயிரான பொருள் ஒன்று காப்போடு இங்கே இருக்கட்டும் என்று, உன் காரின் வலது ஓரத்தில் நீ ஸ்க்ரூ போட்டு மூடி வைத்திருந்த சின்ன டப்பாவில் பஞ்சுக்குள் வைத்தேன். நீ அவ்வளவு சமனாக நிறுத்தி வைத்திருந்த வண்டியைச் சாய்த்தது நான்தான். நானே அந்த மனுஷர் கையைச் சந்தேகப்பட வைத்துவிட்டேன்.

நில்லுங்கள் என்று சொன்னேன். துண்டைப் பிரித்து டப்பாவைத் திறந்து எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். திட்டுவார் என்று நின்றேன். அவர் தாயத்தைப் பார்க்கவே இல்லை, கையை நீட்டி, அந்தக் கையைத்தான் பார்த்தார். அது ஆடவில்லை. "அப்போ கை நல்லாத்தான் கீது" என்றார். பிறகு செய்ததுதான் எனக்கு இன்னும் பெரிய அதிர்ச்சி. நான் கெஞ்சினால்தான் திருநீறு வைக்கிறவர், அதை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்து மூடினார். "எடுக்க வாணாம், புள்ளைக்கு வெச்சது. இந்தாண்ட அதே எடை வெச்சா சரியாப் பூடும்" என்று இடது ஓரத்தில் பதினெட்டு கிராம் ஈயத் துண்டை ஒட்டினார்.

இன்று காலை ஓட்டினார். ஒரு தடவைகூடக் கவிழவில்லை. வந்து ஒரே கையால் காபி குடித்தார்.

உன் பெட்டியில் இருப்பதைத் தையல் பிரித்து எடுத்துவிடாதே, எண்ணெய் தேய்த்துக் குளி, ராத்திரி பட்டினி படுக்காதே. இதை எழுதும்போது அப்பா எட்டிப் பார்த்து, "வண்டிக்கு ஈயம் வெச்சிட்டேன், அந்தாண்ட பூட்டவனுக்கு இந்தாண்ட இன்னா வெப்பே" என்று கேட்டார். ஒருமுறை வந்துபோக லீவு கேட்டுப் பார், கண்ணு.

அம்மன் துணை இருப்பாள்.

உன் அம்மா,
ம. வசந்தகுமாரி